பெம்பானுக்குக் கொண்டுபோன அரைக் கஜம்

மலாக்கா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெம்பான் பஸ் காலை ஏழு மணிக்குக் கிளம்பும் என்று பெயர். நான் போன அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழே முக்காலுக்குக் கிளம்பியது. கடைசிப் பலகையில் கடைசி ஆள் உட்காரும் வரை டிரைவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்க மாட்டார். கட்டணம் முப்பத்தைந்து காசு. தூரம் பன்னிரண்டு கட்டைக்குச் சற்று மேல். இந்த நாட்டுத் தமிழர் மைலைக் கட்டை என்றுதான் சொல்வார்கள்.

பலரும் இந்தச் சாலையில் தோட்டம் பார்க்கவும் திருவிழா பார்க்கவும் போவார்கள். நான் எதற்குப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாயவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் என் மகள் அலமேலு விஷக் காய்ச்சலில் இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. வயது ஏழு. நான் கப்பலேறியபோது இரண்டு. இடையில் இருந்த ஐந்து வருஷமும் நான் மலாக்காவில் ஒரு துணிக்கடையில் கஜக்கோலும் கையுமாக நின்றேன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் ரவிக்கைக்கு எவ்வளவு துணி என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன தீபாவளிக்கு, ஊருக்குப் போகிறவர் ஒருவரிடம் அலமுவுக்கு ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தனுப்பினேன். சிவப்புப் பூப்போட்ட சீட்டி, உயரம் அரைக் கஜம். என் மனைவி மீனாட்சி அடுத்த கடிதத்தில் "பாவாடை ஒரு சாண் குட்டை, இனிமேல் அளவு கேட்டு எடுக்கவும்" என்று எழுதச் சொல்லியிருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. துணிக்கடைக்காரனுக்கே அளவு சொல்கிறாயா, இடுப்பில் இறக்கிக் கட்டிவிடு என்று பதில் போட்டேன். அந்தக் கடிதம் ஊர் போய்ச் சேர்ந்ததும் குழந்தை படுத்ததும் ஒரே வாரம். பிறகு மைத்துனன் கையெழுத்தில் நாலு வரி வந்தது. அதற்கு நான் அதுவரை பதில் எழுதவில்லை. பேனாவை எடுப்பேன். "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்றுதானே எந்தக் கடிதமும் ஆரம்பிக்கும்? அந்த இடத்தில் கை நின்றுவிடும். அவள் நான் இல்லாமல் குழந்தையைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னிடமிருந்து அவளுக்குக் கடைசியாக வந்தது அந்தத் திட்டுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்குக் கருமாதி கிடையாது என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் இரண்டு கோழிகளோடு உட்கார்ந்திருந்தார். நான் தோட்டத்து ஆள் இல்லை என்று சட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"டவுன்ல வேலையா தம்பி? புள்ளைங்க எத்தன?"

"ஒரு பொண்ணு. ஊர்ல இருக்கா."

"எவ்ளோ பெரிசு?"

நான் கையை நீட்டி என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே காட்டினேன்.

"அட, சின்னப் புள்ள லா! ரெண்டு வயசுதான் இருக்கும்," என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கோழி ஒன்று என் சட்டையைக் கொத்தியது.

எட்டே முக்கால் மணிக்குப் பெம்பான். பத்துப் பதினைந்து கடைகள், ஒரு சீனர் காப்பிக் கடை, மிளகாயும் வாழைத்தாரும் விற்கும் மலாய்க்காரப் பெண்கள் இருவர். காப்பி மூன்று காசு. நன்றாகவே இருந்தது. அங்கிருந்து நான் போகவேண்டிய தோட்டத்துக்குச் செம்மண் பாதையில் இரண்டு கட்டை நடை. வழியெல்லாம் ரப்பர் மரம், நூல் பிடித்த மாதிரி நிரை நிரையாக. நிழல் உண்டே தவிர காற்று இல்லை. கொசு பட்டப்பகலிலேயே காதருகில் வந்து நலம் விசாரித்தது. ரப்பர்க் காட்டில் குயிலையும் மயிலையும் எதிர்பார்த்து யாரும் போகவேண்டாம்.

என்னை அழைத்தவர் மாரிமுத்து அண்ணன். எங்கள் ஊர்க்காரர், இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் வெட்டுகிறார். முந்தின வாரம் கடைக்கு வந்தவர், அலமு எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நல்லா இருக்கா அண்ணே என்றேன். அவர் விலை பார்த்துக்கொண்டிருந்த வேட்டியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்கும் ஊர்க் கடுதாசி வந்துச்சுடா சோமு," என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கு வா. அவளுக்குப் போடுற மாதிரி ஒரு துண்டுத் துணி கொண்டா." எதற்கு என்று கேட்டேன், வந்தால் தெரியும் என்றார். அதே சீட்டியில் கடையில் மிச்சம் இருந்தது. கத்தரியை வைத்தால் கை பழக்கத்தில் அரைக் கஜம்தான் வெட்டியது.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இரண்டு வரிசையாக நின்றன. தகரக் கூரை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பத்தரை மணிக்கு அண்ணன் பால் வாளிகளோடு வந்தார். சம்பள வாரத்து ஞாயிறு என்பதால் பாலை எடை போட்டதும் வேலை முடிந்தது. கருவாட்டுக் குழம்பு போட்டார். சாப்பிடும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

நம் ஊரில் கடலில் போனவனுக்கும் காட்டில் போனவனுக்கும் உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டிக் காரியம் செய்வது உண்டு. தோட்டத்தில் எல்லாச் சாவும் அந்தக் கணக்குதான். ஊரில் இருப்பவர் செத்தால் இங்கே தாள்தான் வரும். இங்கே செத்தால் ஊருக்குத் தாள்தான் போகும். ஆகவே இந்த லயத்துப் பெண்கள் தாள் வந்த வீட்டுக்காகக் கூடி உருவம் கட்டுகிறார்கள். தர்ப்பைக்கு எங்கே போவது? லாலான் இருக்கிறது. தோட்ட நிர்வாகம் எவ்வளவு வெட்டினாலும் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் அந்த முரட்டுப் புல்லுக்கு வேறு உபயோகம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"கொழந்தைக்குச் செய்யக்கூடாதுங்கிறாங்களே அண்ணே?"

"அதெல்லாம் இத ஆரம்பிச்ச அஞ்சலைகிட்ட போய்ச் சொல்லு," என்று அண்ணன் கையைக் கழுவப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் போனோம். ஆறு பெண்கள் அறுத்த புல்லைக் குவித்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும், பால் வெட்டும் கை, வெற்றிலை வாய். ஒரே மழைக்காலத்தில் புருஷனையும் இரண்டு பையன்களையும் காய்ச்சலில் கொடுத்தவர். ஆனால் இதை அவர் தொடங்கியது அதற்கும் முன்னால்.

"எங்கம்மா சேலத்துல செத்தா. எனக்கு ஒரு தாளு வந்துச்சு. தாளைக் கட்டிப்புடிச்சு அழ முடியுமா தம்பி?" என்றார். "ஒக்காருங்க. புள்ள எப்படி இருப்பா, சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எங்களுக்குக் கட்ட வரும்."

அதுதான் அவர்கள் முறை. செத்தவரை அந்த ஆறு பேரும் பார்த்ததில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் வாயைத் திறந்தே ஆகவேண்டும். முடி சுருட்டையா? சுருட்டை. நிறம்? என்னை மாதிரி. எந்தக் கையால் சோறு எடுப்பாள்? இடது கையால் எடுப்பாள், அவள் அம்மா அடிப்பாள். அவர்கள் கேட்கக் கேட்க ஒருத்தி புல்லை முறுக்கினாள், ஒருத்தி நாரால் கட்டினாள்.

"ஒசரம்?"

பஸ்ஸில் காட்டியதுபோலவே முழங்காலுக்கு மேல் காட்டினேன். கட்டி நிறுத்தினார்கள். மொழுமொழுவென்று ஒரு புல் குழந்தை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏழு வயசுன்னு மாரிமுத்து சொன்னாரே," என்றார் அஞ்சலை. "இது பால் மறக்காத புள்ளையால்ல இருக்கு?"

எனக்குச் சுரீர் என்றது. நான் சொன்னதெல்லாம் இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி. ஏழு வயது அலமேலு எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் பல் விழுந்ததா, இடது கைப் பழக்கம் போய்விட்டதா, பேசும்போது மூக்கைச் சுருக்குவாளா, எனக்கு எதுவுமே தெரியாது. செத்தவளை நான் பார்த்ததே இல்லை. ஆறு பேரோடு நானும் ஏழாவது ஆள்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன்.

அஞ்சலை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அப்ப தெரிஞ்சதச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்," என்றார்.

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். துணியைப் பார்த்ததும்தான் புத்திக்கு எட்டியது. அரைக் கஜப் பாவாடை ஒரு சாண் குட்டை. ஒரு சாண் என்றால் கால் கஜம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முக்கால் கஜம். மீனாட்சி எனக்கு அளவு எழுதி அனுப்பியிருக்கிறாள். ஏழு வயது அலமேலுவைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே சேதி அதுதான். அதற்குத்தான் நான் அவளைத் திட்டினேன்.

"பிரிச்சுடுங்க," என்றேன். "இடுப்புக்குக் கீழ முக்கால் கஜம்."

கஜக்கோல் இல்லை. என் கைச் சாணால் மூன்று சாண் அளந்து கொடுத்தேன். கால் அந்த நீளம் என்றால் உடம்பு எவ்வளவு, தலை எவ்வளவு என்று பெண்கள் தங்களுக்குள் பேசி மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை நாரை நான் இழுத்து முடிச்சுப் போட்டேன். லாலான் கையைக் கிழிக்கும், கிழித்தது. கட்டி முடித்து என் எதிரில் நிறுத்தினார்கள். தலை என் நெஞ்சுக்குழிக்கு வந்தது.

இவ்வளவு உயரமா வளர்ந்துவிட்டாள்! ஊருக்குப் போய் வாசலில் நின்றால் என்னை இடுப்போடு கட்டிக்கொண்டிருப்பாள், தூக்குவதற்குக் கனத்திருப்பாள். நான் அந்தப் புல்லின் தோளைப் பிடித்துக்கொண்டு, கடையில் வாடிக்கையாளர் முன் ஒருபோதும் குரல் உயர்த்தாதவன், மாடு கத்துகிறமாதிரி கத்தினேன். மாரிமுத்து அண்ணன் என் முதுகில் கை வைத்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

சீட்டியைச் சுற்றிப் பார்த்தால், வேறென்ன, ஒரு சாண் குட்டை. அஞ்சலை எழுந்து லயத்துக்குப் போய் தன் பையன் ஒருவனின் நீலச் சட்டையோடு வந்தார். அடிப்பக்கத்தைச் சர்ரென்று கிழித்தார். இன்னும் மூன்று பேர் போய் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்தார்கள். எல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தவை. செல்லம்மா என்ற சின்னப் பெண் மட்டும் ஒரு குழந்தைத் துணியைக் கையில் கொண்டுவந்து நின்றவள், "என்னுதத் தர மாட்டேன்க்கா," என்று திரும்பிப் போய்விட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு இன்னும் நாளாகும் என்றார் அஞ்சலை.

துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு சாண் அகலத்துக்குக் கரை தைத்தார்கள். தைத்துக்கொண்டே அஞ்சலை ராகம் எடுத்தார். பாட்டு அங்கேயே, என் வாயிலிருந்து பிடுங்கியதிலேயே பிறந்தது.

"அரைக்கசம் துணியெடுத்து
அப்பன் அனுப்பிவச்சான்
அக்கரையில் அவனுக்கு - கண்ணே
ஆருவந்து சொன்னாக
ஒருசாணு நீ வளர்ந்த சேதி
ஒருத்தருஞ் சொல்லலையே"

மீனாட்சி சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது தடவையிலிருந்து அவரவர் தங்கள் பிள்ளைகளின் பெயரைப் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அலமேலு கூட்டத்தில் ஒருத்தியானாள்.

நாலு மணிக்கு மழைத் தூறலில் உருவத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். நான்தான் தூக்கினேன். ரப்பர் முடிகிற ஓரத்தில், லாலான் மேட்டுக்குக் கீழே தோட்டத்துப் புதைகுழிகள். பிள்ளைகளின் மேட்டில் கல் கிடையாது. உடைந்த பால் மங்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், மரத்தில் பால் பிடிக்கும் அதே கோப்பை. சேறான பாதையின் இரண்டு பக்கமும் கவிழ்ந்த மங்குகள். நான் எண்ணவில்லை. எண்ண முடியாது என்பதும் உண்மை. அஞ்சலையின் பையன்களுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். பாவாடைக் கரை மடங்காமல் படுக்கவைத்து நானே மண் தள்ளினேன்.

ஐந்தரை பஸ் ஆறேகாலுக்கு வந்தது. திரும்பும்போது பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாரம் இறங்கிவிட்டதா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. போகும்போது முழங்கால் உயரத்துக்கு இருந்த துக்கம் வரும்போது நெஞ்சுக்குழிக்கு வந்திருந்தது. ஆனால் அது இப்போது சரியான அளவில் இருந்தது. எங்கள் ஊரிலும் நல்ல மனிதர்கள் உண்டு, மீனாட்சியைச் சுற்றிலும் சொந்தக்காரர் நிறைய. இருந்தும், குழந்தை எப்படி இருந்தாள் என்று அங்கே யாராவது அவளைக் கேட்டிருப்பார்களா? அவளுக்குத் தெரியும், எல்லாமே தெரியும். கேட்கவேண்டிய ஆள் நான்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் கடுதாசி எடுத்தேன். க்ஷேமம் எழுதவில்லை. முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்:

"மீனாட்சி, நீ சொன்ன அளவுதான் சரி."