மீன் இறங்கும்வரை

லசால் நகரில், ஆறு பாறைகளில் மோதி நுரைக்கும் இடத்தில் நாரைகளைப் படமெடுக்கப் போயிருந்தேன். பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு தமிழரும் கமராவோடு நின்றார். மெலிந்த, நரைத்த தாடிக்காரர். அவரால் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்க முடியவில்லை. மேகம் மறைத்தால் கமராவின் அமைப்பை மாற்றுவார். வெயில் வந்தால் திரும்பவும் மாற்றுவார். காற்று திரும்பினால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்.

"இந்த ஊர் வெளிச்சத்தை நம்பேலாது, தம்பி."

மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, மேகத்துக்குக் கீழிருந்து திடீரென்று வெயில் பாய்ந்தது. அந்த நேரம் பார்த்து நாரையொன்று பெரிய மீனைக் கௌவியது. மீன் தொண்டையில் சிக்கிக்கொள்ள, கழுத்தை உதறித் தவித்தது. நான் விடாமல் படமெடுத்தேன். அவர் கமராவைத் தொடவேயில்லை.

"அண்ணை, எடுங்கோ! வெளிச்சம் போகப்போகுது!"

"பொறும் தம்பி, அது செத்துப்போடும் போலக் கிடக்கு."

ஒருவழியாக மீன் உள்ளே இறங்கியது. வெயில் மறைந்து மழை கொட்டியது.

"படம் போச்சே, அண்ணை?"

"ஓம், போயிட்டுது," என்று சிரித்தவர், முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம் தேடி நடந்தார்.

என் படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது, பறவையோடு சேர்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரின் தொண்டைதான்.