கழுதையா, கட்டிலா: சங்குப்பாட்டு மணலில் இரண்டு பயணங்கள்

2003 செப்டெம்பர், இரண்டாவது புதன்கிழமை. காலை 6.10.

மன்னார் நகரில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றின் கந்தோர் முற்றத்திலிருந்து புறப்பட்டோம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைச் சொன்னால் வாசிப்பவர்கள் அந்த ஒன்றோடு கோபத்தை முடித்துக்கொள்வார்கள்.

முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. எங்கோ குளிர்நாட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் அன்பளிப்பாக அனுப்பியவை. முதலாவது நான்கு தடித்த சக்கரங்கள் உள்ள மோட்டார் சைக்கிள். காலை இருபுறமும் போட்டு, கைபிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும். மற்றதில் இருவர் அருகருகே அமரலாம். மோட்டார் காரில் உள்ளதுபோல் சுக்கான் உண்டு, தலைக்கு மேலே இரும்புச் சட்டம் உண்டு, பின்னால் தட்டையான ஒரு தட்டு உண்டு. இருக்கைக்குப் பின்னால் துவக்கு வைக்கும் கொளுவி இரண்டு. இரண்டில் ஒன்று சங்குப்பாட்டு மீனவ மக்களுக்கு, நோயாளிகளை ஏற்ற. மற்றது கந்தோரிலேயே நிற்கும். எது யாருக்கு என்று முடிவு செய்யக் கொழும்பிலிருந்து திட்ட அலுவலர் சுகுமார் வந்திருந்தார்.

கரையோரச் சுகாதாரக் குழு என்னைக் கூடப் போகச் சொன்னது. ஓய்வு பெற்ற ஆசிரியன், எதையும் நேரம் குறித்து எழுதி வைப்பவன் என்பதால். அளவுநாடாவும் கொண்டு போனேன். மோட்டார் சைக்கிளின் அகலம் 1 மீற்றர் 15 சென்ரிமீற்றர். மற்றதன் அகலம் 1 மீற்றர் 48. இந்த இரண்டாவது எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

சுகுமார் மோட்டார் சைக்கிளில் தாவி ஏறினார். நான் அகலமான வண்டியில் சாரதி ராசுவுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். ராசுவின் குடும்பம் மலையகத் தோட்டத்திலிருந்து, தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு வந்து, மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலப்பக்கத்தில் குடியேறியது.

6.35. தாராபுரம்.

பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர், தறப்பாள் கூரையின் கீழ் தேநீர்க் கடை திறந்திருந்தார். பிளேன்ரீ ஐந்து ரூபாய். அவர் வண்டிகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்ன மாஸ்டர், ஒண்டு கழுதை மாதிரி நிக்குது, மற்றது கட்டில் மாதிரிக் கிடக்குது?"

"கழுதைதான் நாநா," என்றார் ராசு. "ஆனா இது பேப்பர் திங்காது, பெற்றோல் குடிக்கும்."

மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். அன்று முழுவதும் எல்லோரும் அந்தப் பெயர்களையே சொன்னார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

6.58. தார் முடியும் இடம்.

தாராபுரத்தைத் தாண்டி வடக்கே திரும்பி, கடலை நோக்கி 1.8 கிலோமீற்றர். அங்கே தார்வீதி முடிகிறது. முடியும் இடத்தில் இராணுவக் காவலரண். மணல் நிரப்பிய இரண்டு தார்ப்பீப்பாய்கள் வழியை அடைத்து நிற்கின்றன. அவற்றின் நடுவே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் போகலாம். இடைவெளியை அளந்தேன்: 1 மீற்றர் 40.

கழுதை போனது. கட்டில் நின்றது. எட்டுச் சென்ரிமீற்றர் குறைவு. என் கையில் நாலு விரல்.

சுகுமார் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். கொழும்புத் தலைமையகத்தின் முத்திரை இருந்தது. கோப்ரல் வாசித்தார், சல்யூட் அடித்தார், இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டார். பீப்பாய் ஒன்றைச் சரித்து உருட்டினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன்: இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. நாங்கள் போனதும் அதைத் திரும்ப உருட்டி, மண்ணில் கிடந்த பழைய வட்ட அடையாளத்திலேயே வைத்தார்கள்.

7.40. சங்குப்பாடு.

பீப்பாயிலிருந்து 6.5 கிலோமீற்றர், முழுவதும் மணல். சில இடங்களில் முழங்கால் வரை புதையும். சங்குப்பாட்டில் முப்பது, முப்பத்தைந்து குடிசைகள், ஒரு சிறு கத்தோலிக்கக் கோவில், கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள். இங்கே நோயாளியைக் கொண்டுபோக ஒரு முறை இருக்கிறது. கோவிலில் வாசகம் வாசிப்பவர் அமரும் கைபிடிக் கதிரையை எடுத்து, இருபக்கமும் துடுப்புகளை வைத்துக் கட்டி, நான்கு பேர் தோளில் தூக்குவார்கள். அந்தக் கதிரையின் கைபிடிகளில் கயிறு அறுத்த தடங்கள் ஆழமாக இருந்தன.

எங்களுக்காகக் காத்திருந்தவள் ஜெசிந்தா. ஏழாம் மாதம். இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகை மழையில், வலி எடுத்த இவளை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார்கள். பெட்டி மணலில் புதைந்தது. பீப்பாய்களுக்கு முக்கால் கிலோமீற்றர் தூரத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. இந்த முறை நோவு தொடங்கியதும் படுத்தபடியே வந்துவிட வேண்டும், உட்கார்ந்து வரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாள் நவம்பரில்.

சுகுமார் மண் மூட்டை ஒன்றை ஏற்றிச் சோதிக்கலாம் என்றார்.

"மூட்டைக்கோ பிள்ளை பிறக்கப்போகுது?" என்றாள் ஜெசிந்தா. "நான் ஏறிப் பாக்கிறன்."

"அம்மா, அது பாதுகாப்பில்லை. எங்களுக்குப் பொறுப்பு இருக்கு."

"போனமுறை செத்தது என்ர பிள்ளை. அப்ப ஆரின்ர பொறுப்பு எண்டு கேக்க ஒருத்தரும் வரேல்லை. இஞ்சேருங்கோ, அந்தக் கழுதையில ஏறுங்கோ."

கடைசி வாக்கியம் கணவன் மரியதாசனுக்கு. அவன் வள்ளத்து இயந்திரம் ஓட்டுகிறவன். பத்து நிமிடத்தில் ஓட்டப் பழகிக்கொண்டான். அவள் அவனுக்குப் பின்னால், நம் பெண்கள் சைக்கிளில் அமர்வதுபோல, ஒருபக்கமாகக் காலைப் போட்டு அமர்ந்தாள். அந்த இருக்கை அப்படி அமர்வதற்குச் செய்யப்பட்டதல்ல. முதல் மேட்டில் வண்டி சாய்ந்தது. நூறு மீற்றர் போகவில்லை, அவள் அவனுடைய முதுகில் ஓங்கி அறைந்தாள்.

"நிப்பாட்டுங்கோ! இதில போனா வழியிலயே பெத்துப்போடுவன்."

சுகுமார் தானே ஏறி, தனியாகப் பீப்பாய் வரை ஓட்டிவிட்டு வந்தார். பத்தொன்பது நிமிடம், மிகச் சிறப்பு என்று சொல்லி எழுதிக்கொண்டார். கர்ப்பிணி வயிறு இல்லாத ஒரு ஆணுக்குப் பத்தொன்பது நிமிடம். அவர் அதை எழுதவில்லை. நான் எழுதினேன்.

9.25. கட்டில்.

பின்கதவை இறக்கியபோது தட்டின் நீளம் ஐந்தடி மூன்று அங்குலம். ஜெசிந்தா ஐந்தடி. பழைய பாய்த்துணியை மடித்துப் போட்டார்கள். அவள் படுத்தாள். மரியதாசன் பக்கத்தில் குந்திக்கொண்டு அவளுடைய தோளைப் பிடித்தான். ராசு வண்டியை எடுக்கும் முன், இருக்கையில் கிடந்த விளம்பரப் புத்தகம் ஒன்றை அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அட்டையில் இதே வண்டி, தொப்பி போட்ட இரண்டு வெள்ளைக்காரர், பின்தட்டில் கொம்போடு ஒரு மான்.

"மான் படுத்த இடத்திலயோ என்னைப் படுக்க வைச்சிருக்கிறியள்?"

"மானுக்கு வயிறு கலங்காம கொண்டாந்திருக்காங்க தங்கச்சி," என்றார் ராசு. "ஒங்கள அதவிடப் பைய கொண்டு போறேன்."

கொண்டுபோனார். இருபத்தேழு நிமிடம். எங்கும் புதையவில்லை. போன முறை பெட்டி புதைந்த இடம் வந்தபோது மரியதாசன் கையை நீட்டிக் காட்ட வாயெடுத்தான். ஜெசிந்தா வானத்தைப் பார்த்துக்கொண்டே "தெரியும்" என்றாள்.

9.52. மீண்டும் பீப்பாய்கள்.

சுகுமார் கழுதையில் முன்னே வந்து நின்றிருந்தார். "இப்போது வழமையான நாள் என்று வைத்துக்கொள்வோம்," என்றார். "கடிதம் இல்லை."

கடிதம் அவருடைய கைப்பையில்தான் இருந்தது. ராசு இறங்கிப்போய்ச் சிப்பாயிடம் பீப்பாயை நகர்த்த முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். இருபது வயதுகூட இராத அந்தச் சிப்பாய் தட்டில் கிடந்தவளைப் பார்த்தான். பிறகு கோப்ரலைப் பார்த்தான்.

"பே மாத்தயா. ஓடர் இல்ல," என்றார் கோப்ரல், முடியாது என்று கையையும் ஆட்டி.

சுகுமாரிடம் ஒரு படிவம் இருந்தது. அதன் நான்காவது கேள்வியை உரக்க வாசித்தார்: "வண்டி மருத்துவமனை வாசல் வரை செல்லுமா?" பேனாவைத் திறந்து 'இல்லை' என்ற கட்டத்தில் கீறினார்.

"சுகுமார், இன்று காலை அந்தப் பீப்பாயை உருட்ட இரண்டு நிமிடம் நாற்பது வினாடி எடுத்தது," என்றேன். "நாலு விரல் தள்ளி வைக்கச் சொல்லி நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம்."

"மாஸ்டர், நாங்கள் பாதுகாப்பு விஷயங்களில் தலையிடுவதில்லை. அது எங்கள் கொள்கை."

இதற்குள் ஜெசிந்தா தட்டிலிருந்து மெல்ல இறங்கினாள். கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, பீப்பாய்களின் நடுவே நடந்து, தார்வீதியில் போய் நின்றாள். நான் அடிகளை எண்ணினேன். பதினொன்று.

"சேர், இஞ்ச பாருங்கோ," என்று அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "மணல் உங்கட பக்கத்தில முடியுது. இஞ்சால தார். கட்டில் எங்களோட நிக்கட்டும். பீப்பாய் வரைக்கும் கொண்டந்தாப் போதும். இந்த ரெண்டு பாகத் தூரத்துக்கு ஆளை நாலு பேர் தூக்குவினம். இஞ்ச ஓட்டோ வரும். அதுக்கு ஏன் ஆஸ்பத்திரி வாசல்?"

அளவுநாடாவோடு திரிந்த எனக்கு இது தோன்றவில்லை. நாலு விரலைப் பற்றியே காலை முழுவதும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சுகுமார் படிவத்தைப் புரட்டினார். முன்பக்கம், பின்பக்கம்.

"நல்ல யோசனை அம்மா. ஆனால் இதில் அதற்கு இடமில்லை. ஒரு வண்டி, முழுத்தூரம். அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்."

"எழுதுங்கோவன், சேர். பேனை உங்கட கையிலதானே?" என்றான் மரியதாசன். அதுவரை அவன் அவரிடம் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

"கொழும்பில் பேசிப் பார்க்கிறேன்," என்றார் சுகுமார்.

கழுதையின் சாவியை மரியதாசனின் கையில் வைத்து, அவனை ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். கோப்ரல் சல்யூட் அடித்தார். பீப்பாய் உருண்டது. பாய்த்துணிகூட இல்லாத வெறும் தட்டோடு கட்டில் அதன் வழியே போனது, நாங்கள் இருவரும் முன்னால் அமர்ந்திருக்க, சுகுமார் எங்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு. நான் திரும்பிப் பார்த்தேன். ஜெசிந்தா மணல் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். கழுதையை மரியதாசன் அவளுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனான்.

அந்தக் கேள்விகளை எழுதியவர் எந்த மணலில் கால் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றைக் கையில் வைத்திருந்தவர் எங்கள் மொழி பேசுகிறவர். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது. என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

ஒக்டோபர், கடைசிச் சனிக்கிழமை. காலை 5.50.

சங்குப்பாட்டுக்கு இரண்டாம் முறை போய்ச் சேர்ந்தேன், இந்த முறை நடந்து. வடக்கே மேகம் கறுத்திருந்தது. மழைக்கு முன்பே ஜெசிந்தாவை, மன்னார் நகருக்குப் பக்கத்தில் கீரியிலிருக்கும் அவளுடைய தமக்கை வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாகியிருந்தது. கழுதை ஒரு குடிசையின் பக்கத்தில் நின்றது. ஐஸ்பெட்டி இழுக்க நல்லது என்றார்கள். அதில் இதுவரை ஒரு நோயாளியும் போகவில்லை.

கதிரையில் துடுப்புகளைக் கட்டினார்கள். எட்டுப் பேர், மாறி மாறித் தூக்க. உட்கார்ந்து வரக் கூடாது என்று சொல்லப்பட்டவள் உட்கார்ந்துதான் வந்தாள். இரண்டு மணி ஐந்து நிமிடம். வழியில் நான்கு முறை இறக்கினார்கள். ஒரு முறை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எட்டு ஆண்களும் கதிரையைச் சுற்றி நின்றார்கள். பிறகு அவள் "ஒண்டுமில்லை, உதைக்கிறான். தூக்குங்கோ" என்றாள்.

பீப்பாய்களின் நடுவே கதிரை தாராளமாகப் போனது. அதே இளஞ்சிப்பாய் நின்றான். எதுவும் கேட்காமல் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள்.

8.40க்குக் கீரியில் ஓட்டோவிலிருந்து இறங்கினோம். நவம்பரில் பெண் குழந்தை, சுகமாக. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நல்ல செய்தியில் உதவி நிறுவனத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

10.15. மன்னார்.

எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. என் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து ஆறு நிமிடம். இத்தனை வருடத்தில் அதை ஒரு தூரம் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு மணி ஐந்து நிமிடம் என்று எழுதிய தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு நேரே அந்தக் கந்தோருக்குப் போனேன், கொழும்பில் சுகுமாருக்கு அனுப்பச் சொல்லிக் கொடுக்க.

முற்றத்தில் கட்டில் நின்றது. கொளுவியில் துவக்கு இல்லை, ஆனால் பின்தட்டில் ஒரு காட்டுப்பன்றி கிடந்தது. காலை நீட்டி, தலையைப் பக்கவாட்டில் வைத்து, முழுநீளத்துக்கும் படுத்திருந்தது. ராசு வாளித் தண்ணீரும் தும்புத்தடியுமாகச் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கொழும்புலயிருந்து விருந்தாளி வந்தாங்க மாஸ்டர். முருங்கனுக்கு அங்கால காட்டுக்குப் போனாங்க."

"வழியில எத்தினை சென்றிக் காவலரண், ராசு?"

"அஞ்சு."

"ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

அவர் தும்புத்தடியை வாளிக்குள் போட்டார்.

"கடிதம் இருந்திச்சே, மாஸ்டர்."