சந்தானம் அண்ணன் பார்க்காமல் விட்ட கடைசிப் படம்

சந்தானம் அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் காலை, லான்மடாவ் பேட்டையில் அவர் வீட்டில்... டீ கேட்டாராம், அண்ணி போட்டுக் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று எடுத்தோம். வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் பாங்காக், சென்னை, சிங்கப்பூர் என்று போனில்தான் அழுதார்கள்.

இங்கே பர்மாவில் விபிஎன் போட்டால்தான் எதுவும் திறக்கும், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பதிவு எப்போது போகுமோ தெரியாது. போகிறபோது போகட்டும்.

தெரியாதவர்களுக்காக... அலோன் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீஸில் நானும் அவரும் பதினாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. பேப்பரில் 'ஊ தான் சோ' என்று பர்மியப் பெயர், எங்களுக்குச் சந்தானம் அண்ணன்.

அதற்கு முன்னால் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்த்தவர். ஜெர்மனியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் ரிப்பேருக்கு நின்றிருக்கிறது. குளிர் தாங்காமல் ஒரு ஹாலுக்குள் நுழைந்தால், உள்ளே பழைய ஊமைப்படம் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"அந்த ஊருல ஒரு பய பேசுறதும் எனக்குப் புரியலம்மா. படத்துல யாருமே பேசல பாரு, அதான் முழுசா புரிஞ்சுது" என்பார். இந்தக் கதையை ஆபீஸில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நாங்களும் ஆயிரம் தடவை "அப்புறம்?" என்று கேட்டிருக்கிறோம்.

அன்று பிடித்த பைத்தியம். அந்தப் படத்தை எடுத்த டைரக்டரின் படங்களை அங்கே இங்கே சொல்லிவைத்து டிஸ்க் டிஸ்க்காகச் சேர்த்தார். அதற்காகவே ஜெர்மன் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

டைரக்டரின் பெயர் என் வாயில் நுழையாது. அண்ணனுக்கு அவர் எப்போதும் "நம்ம ஆளு"தான்.

ஞாயிறு மதியம் என் வீட்டில் ஷோ. தரைத்தளம், வெள்ளைச் சுவர், ஆபீஸில் கழித்துப் போட்ட புரொஜெக்டர், நடுவில் கொறிக்க ஒரு தட்டு லப்பெத், ஊறவைத்த தேயிலை... அவரையும் சேர்த்து நாலு பேர். முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும், ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

படத்துக்கு நடுவே வசனம் எழுதிய கார்டு வரும். சுவர் ஓரமாக நின்றுகொண்டு தமிழில் பாதி, பர்மியில் பாதியாகப் படித்துச் சொல்வார். யாராவது அழுகிற இடத்தில் கார்டு வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

"என்ன எழுதியிருக்கு அண்ணே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "மூஞ்சியப் பாரும்மா, கார்டுல என்ன கெடக்கு!" என்று எரிந்து விழுந்தார்.

வரிசையில் பேசும் படங்கள் வந்தன. "நம்ம ஆளு வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு" என்று சொல்லி முதல் தடவையாக எங்களோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் சிரித்தோம்.

டைரக்டர் சொந்த நாட்டை விட்டுப் போனது, அமெரிக்காவில் கிடைத்த சின்னச் சின்னப் படங்களைச் செய்தது, வயதான பிறகு திரும்பி வந்தது... எல்லாம் அந்தச் சுவரில்தான் பார்த்தோம். அதற்குள் எங்கள் நாலு பேரில் ரெண்டு பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்கள்.

மிச்சம் ஒரே ஒரு படம். டைரக்டரின் கடைசிப் படம். குப்பை என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள் என்று அண்ணனே சொன்னார். அவரும் அதுவரை பார்த்ததில்லை.

"மொதல்லேர்ந்து கூடவே வந்துட்டு கடைசியில கழட்டி விடுறதா? குப்பையாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒத்தையா பாக்க முடியாதும்மா... நீ கூட உக்காரு."

எங்கள் பக்கம் முறைவைத்துக் கரண்ட் விடுகிற ஞாயிறு அவருக்கு முட்டி வலி. அவர் வருகிற ஞாயிறு கரண்ட் இருக்காது. இப்படியே மூன்று மாதம் ஓடியது.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் போன் செய்தார். "இப்ப ஒங்க வீட்டுல கரண்ட் இருக்காம்மா?"

என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்கத் தண்ணீர் ஏற்றி, பஸ்ஸில் நின்று, வேலை பார்த்து... உடம்பு விட்டுப் போயிருந்தது. அதுவும் ஒரு குப்பைப் படத்துக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை.

"இல்ல அண்ணே, கரண்ட் வரல" என்றேன்.

"சரிம்மா, நீ படுத்துத் தூங்கு" என்று வைத்துவிட்டார்.

நேற்று எல்லாம் முடிந்த பிறகு அண்ணி ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார். உள்ளே அந்த டிஸ்க். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"அன்னைக்கு இதை எடுத்துக்கிட்டு ஒன் வீட்டுக்குத்தாம்மா வந்தாரு. ஒங்க தெரு முனை டீக்கடையிலேர்ந்துதான் போன் பண்ணாராம். அங்கயே டிவில பந்து மேட்ச் பாத்துட்டுத் திரும்பிட்டாரு. ஏங்க போகலன்னு கேட்டா, புள்ள அசந்து கெடக்கு, எழுப்ப மனசு வரலன்னாரு."

அந்தக் கடையில் பேட்டரி கிடையாது. தெருவுக்குக் கரண்ட் வந்தால்தான் அந்த டிவி ஓடும்.

அண்ணிக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு ஆறு மாடி இறங்கி வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது மதியம் இரண்டு மணி. கரண்ட் வந்துவிட்டது, "மீ லாபி!" என்று தெருவே கத்துகிறது.

புரொஜெக்டர் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் டிஸ்க்... இன்னும் பிரிக்கவில்லை.

அண்ணே, அன்னைக்குக் கரண்ட் இருந்துச்சு.

போயிட்டு வாங்க.