கோட்டை வாசலைத் தாண்டாத பிரவின்குமார்

ரோகிணி கல்யாணமாகிப் புதுப்பட்டினத்து வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பாதியை ஒரு கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் அவளும் சோபாவும் இருந்துகொள்ள வேண்டியதுதான். அது 2006. கணவன் பிரவின்குமாருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. அந்த வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டான். பேசுவதெல்லாம் ஒரு விளையாட்டைப் பற்றித்தான்.

வாளும் மந்திரமும் உள்ள ஒரு கற்பனை நாடு. வீரன் ஒரு சத்திரத்தில் கண் விழிக்கிறான். எதிரே கோட்டை வாசல். அதைத் தாண்டிப் போய், காணாமல் போன ராஜாவைத் தேட வேண்டும். இதுதான் விளையாட்டு. ஆனால் உலகமெங்கும் உள்ள ரசிகர்கள் அதற்குப் புது முகம், புது வாள், புது வானம் என்று ஒட்டுவேலைகள் செய்து இணையத்தில் சும்மா கொடுத்தார்கள். மாட் என்று பெயர். அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் வரிசைப்படுத்த ஒரு மென்பொருள். அதுதான் மாட் மேனேஜர். பிரவின்குமார் குடியிருந்தது அதற்குள்ளே. ஒன்றை மேலே ஏற்றுவான், ஒன்றைக் கீழே இறக்குவான், டிக் போடுவான், டிக்கை எடுப்பான். பிறகு விளையாட்டைத் திறப்பான். அது படுத்துவிடும். மறுபடி மேனேஜர்.

"இன்னாங்க, ஆடவே மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இரு ரோகிணி. புல்லு சரியில்ல. காத்தடிச்சா எல்லாம் ஒரே பக்கம் சாயுது பாரு."

"வெளிய வந்து பாருங்க. நம்ம ஊரு காத்துலயும் ஒரே பக்கம்தான் சாயுது."

அவன் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் அதற்கொரு மாட் தேடியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிடந்தையிலிருந்து சாம் என்ற பையன் பைக்கில் வருவான். அதே விளையாட்டை வாங்கியிருந்தவன், பிரவின்குமாரிடம் யோசனை கேட்பான். அப்போது பார்க்க வேண்டும் நம்ம ஆளை. நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "வரிசதான் மச்சான் எல்லாமே. வரிச தெரியாதவன் ஆடவே கூடாது" என்பான். டீ கொண்டுவரும் ரோகிணி திரையை எட்டிப் பார்ப்பாள். அவன் சேமித்து வைத்திருந்த ஆட்டம் ஒவ்வொன்றும் அந்தச் சத்திரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கம்பெனி அவனைச் சில வாரங்களுக்குப் புனேவுக்கு அனுப்பியது. புயலில் கேபிள் டிவி போயிற்று. ரோகிணிக்கு அணு ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் வேலை. சாயங்காலம் வந்தால் வீடு வெறிச்சென்று கிடந்தது. போனால் போகிறதென்று கம்ப்யூட்டரைப் போட்டாள். மாட் எதுவும் படாத பிரதி ஒன்றைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்தான். அதைத் திறந்தாள்.

முகங்களெல்லாம் பிசைந்த மாவு மாதிரி இருந்தன. புல் ஒரே பக்கம்தான் சாய்ந்தது. ஒரு வீராங்கனையை எடுத்துக்கொண்டு, சத்திரத்துப் படியிறங்கி, நேரே கோட்டை வாசலைத் தாண்டினாள். தாண்டுவதற்கு ஒரு தடையும் இல்லை. அந்தப் பக்கம் உப்பளம் விரிந்து கிடந்தது, அதற்கப்பால் முட்டுக்காட்டுக் கழிமுகம் போல் நீர், படகுகள். முதல் ஓநாயிடமே செத்தாள். மறுபடி எழுந்து அதைக் கொன்றாள். வரி வசூலிப்பவனிடம் கூசாமல் பொய் சொல்லித் தப்பினாள். ராத்திரிச் சாப்பாடு உப்புமாவோடு முடிந்தது, கேட்க ஆளில்லை. லைப்ரரியில் புத்தகம் அடுக்கும்போதுகூட அடுத்து எந்த ஊருக்குப் போவது என்று மனசு ஓடியது. இத்தனை சந்தோஷத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் டிக் போட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது ஆட்டத்தில் அவள் கடைசிக் கோபுரத்தின் அடியில் நின்றாள்.

அந்த ஞாயிறு சாம் கேட்டான்: "அண்ணாத்த, கோட்டைக்கு அந்தாண்ட இன்னா கீது?"

"பெரிய காடு. ஒரே பனி. அதுக்குத்தான் அந்தப் பனி மாட் போடச் சொன்னேன்."

"காடு இல்ல சாம், உப்பளம்," என்றாள் ரோகிணி. "பனியும் இல்ல ஒண்ணும் இல்ல. நானே போய்ப் பாத்தேன்."

சாம் டீயைப் பார்த்தான். பிரவின்குமார் சிரித்து வைத்தான். "அது வெறும் பிரதி. அசிங்கமா இருக்கும். அத்தப் போயி..."

மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது அவன் லீவு போட்டு ஒரு காரியம் செய்தான். தன் மாட்கள் மொத்தத்தையும் அவளுடைய பிரதியின் மேல் ஏற்றினான். சாயங்காலம் ரோகிணி ஆட்டத்தைத் திறந்தால், அவளுடைய வீராங்கனைக்கு ஏதோ சோப்பு விளம்பரக்காரியின் முகம். கோபுரத்துக்குத் தரையே இல்லை. பெண் விழுந்துகொண்டே இருந்தாள். பிறகு திரை கறுத்தது.

"உனக்காகத்தான் பண்ணேன். மூஞ்சி எவ்ளோ அழகா கீது பாத்தியா?"

"என் பழைய ஆட்டம் எங்க?"

"அதும் மேலயே சேவ் ஆயிடுச்சி. புதுசா ஆரம்பிச்சிக்கலாம் வுடு."

சத்திரத்தில் நின்ற நிற்பையெல்லாம் இரண்டு இரண்டு காப்பி எடுத்து வைப்பவன், அவள் நடந்த நாட்டுக்கு ஒரு காப்பி எடுக்கவில்லை. ரோகிணி அவனை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜரை அழித்தாள், மாட்களை அழித்தாள், விளையாட்டையே அழித்துவிட்டு டிஸ்கிலிருந்து புதிதாக ஏற்றினாள். அவன் பக்கத்தில் நின்று, "ஏய், அது வருஷக்கணக்கா சேத்தது" என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

"சேத்தீங்க. ஆடுனீங்களா?" என்றாள். "இனிமே இதுல ஒரு மாட் ஏறுச்சின்னா, பெட்டி கெணத்துலதான் கெடக்கும்."

அவன் ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனான். முதல் வேலையாக மேனேஜரை இறக்கினான். அவள் மறுபடி சத்திரத்திலிருந்து தொடங்கிப் பொங்கலுக்குள் முடித்தாள். ராஜா எப்போதோ செத்துப்போயிருந்தார். அரியணை காலியாக இருந்தது. உட்காரலாம், விட்டுவிட்டும் போகலாம். அவள் உட்காரவில்லை. சாம் வாய் பிளந்து கதை கேட்டான். படுக்கையறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது.

கோடையில் கம்பெனிக் குடும்பங்கள் முட்டுக்காட்டுப் படகுத்துறைக்குப் போனபோது, செல்வராஜ் என்ற சக ஊழியர் அவளிடம் வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் அந்த கேமோட முடிவச் சொன்னாரு, மேடம். ராஜாவ ஒரே வெட்டாமே! கம்பெனி பஸ்ஸே ஆடிப்போச்சி."

ரோகிணி திரும்பிப் பார்த்தாள். பிரவின்குமார் கொஞ்சம் தள்ளி நின்று, காது கேட்காதவன் போல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜா உயிரோடவே இல்லீங்க," என்றாள். "இவரும் அங்க போனதே இல்ல."

செல்வராஜ் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிரவின்குமாரும் கூடவே சிரித்தான்.