பிடிகருணையும் கரையான்சாவடி அம்மாளும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்பத்தூரில் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு அம்மாள் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? உங்களுக்கு அந்த அம்மாளைத் தெரியாது.

அண்ணன் மகள் வசந்தாவுக்கு வரன் பார்க்கிறார்கள். பையனுக்கு ஆவடியில் வேலை, அடக்கமானவன். அவனுடைய அம்மாதான்... ஊர் கரையான்சாவடி. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவள். இதற்கு முன்னால் பையனுக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போனது இவள் வாயால்தான் என்று தரகர் எச்சரித்திருந்தார். ஒரு பெண்ணுக்கு நடை சரியில்லையாம். இன்னொரு பெண் காபி கொடுக்கும்போது தும்மிவிட்டாளாம்.

முதல் தடவை வந்தபோது எங்கள் வீட்டிலும் காபியோடு சரி. "சாப்பாடெல்லாம் வாணாம்மா. கை நனைச்சா பேச்சு முடிஞ்சா மாதிரி" என்று கிளம்பிவிட்டாள். உங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் இருக்கும். சம்மதம் என்றால்தானே பெண் வீட்டில் இலை போட்டு உட்காருவது?

அதனால், "ஞாயித்துக்கெழம சாப்பிட வர்றோம்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியதும் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. வடை, பாயசம், அப்பளம் என்று தடபுடல்.

அண்ணன் அதிகம் பேசமாட்டார். சந்தோஷமோ, வருத்தமோ எல்லாம் உள்ளேதான். அன்றைக்கு அவருடைய சந்தோஷம் மண்வெட்டி வழியாக வெளிவந்தது. கிணற்றடியில் தானே போட்டு வளர்த்த பிடிகருணையைக் காலையில் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"புதுக் கெழங்குங்க. கொஞ்ச நாள் கெடந்தாத்தான் ஆகும். இப்ப வச்சா நாக்கு காறும்" என்றாள் அண்ணி.

"புளி விட்டு வேகவை. எல்லாம் சரியாப் போயிடும்."

விருந்து நாளில் புருஷனோடு மல்லுக்கு நிற்க எந்த அண்ணிக்கு நேரம் இருக்கிறது? மசியல் தயாரானது.

இலையில் உட்கார்ந்த அம்மாள் முதலில் கை வைத்ததே மசியலில்தான். "ஷோக்கா கீது" என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். அண்ணன் முகத்தில் ஒரு பெருமை... அதற்கு ஆயுசு ரொம்பக் குறைவு.

அம்மாள் திடீரென்று நிறுத்தினாள். இடது கை தொண்டைக்குப் போனது.

"இன்னாம்மா போட்டீங்க? தொண்டைல ஊசி ஊசியா குத்துது..."

அதற்குமேல் குரல் வரவில்லை. கண்ணில் தண்ணீர். என் நாக்கும் அப்போதுதான் அரிக்க ஆரம்பித்தது. பையன் சத்தம் போடாமல் இருமிக்கொண்டிருந்தான். அம்மாள் ஒரு கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனால் அது கை நனைத்த கணக்கா, நனைக்காத கணக்கா? எனக்குத் தெரியவில்லை. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தலை நிமிரவே இல்லை. இந்தச் சம்பந்தம் போயிற்று என்றுதான் நானும் முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து வசந்தா வந்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஒரு டம்ளர்.

"புளியும் வெல்லமும் கரைச்சிருக்கேன் அத்தை. கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க."

அத்தையா? இன்னும் பேச்சே முடியவில்லையே! சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மாள் மறுபடி உட்கார்ந்து, டம்ளருக்கு மேலாக அவளையே பார்த்தபடி குடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பியது.

"இன்னா கெழங்கும்மா இது... வெசமா?"

"விஷம் இல்லீங்க. செடியோட கழிவு."

விருந்துக்கு வந்தவர்களைப் பார்த்து, நீங்கள் சாப்பிட்டது கழிவு என்று சொல்லலாமா? பி.யூ.சி.யில் தாவரவியல் எடுத்துப் படித்த பெண் என்றால் இப்படித்தான். கேட்ட கேள்விக்கு விடை வந்துவிடும்.

அம்மாளின் கண் அகலமானது. "அப்போ நா துன்னது..."

"ஐயோ, அப்படி இல்லீங்க" என்று வசந்தா அவசரமாக விளக்க ஆரம்பித்தாள். "நமக்குக் கழிவு வெளிய போக வழி இருக்கு. செடிக்குக் கிட்னி கிடையாது, எழுந்து எங்கயும் போகவும் முடியாது. அதனால வேண்டாததைக் கொஞ்சம் பழுத்த இலையில சேர்த்து உதிர்த்துடும். கொஞ்சம் பட்டையோட உரிஞ்சு போயிடும். அப்படியும் போகாதது உள்ளயே தங்கிடும். கருணையில அது சின்னச் சின்ன ஊசியா இருக்கு. அதுதான் குத்துது. புதுக் கிழங்குல அது ஜாஸ்தி, மசியல்ல விட்ட புளி போதலை. இன்னும் கொஞ்சம் புளி பட்டா அடங்கிடும்."

அம்மாள் யோசித்தாள்.

"முருங்க மரத்துல பிசினு வடியுதே?"

"அதுவும் கழிவுதாங்க."

"நா இன்னாவோ மரத்துக்குச் சளி புட்ச்சிகினு கீதுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

முதலில் சிரித்தது பையன். அடக்கமானவன் என்று சொன்னேனே, அவன்தான். பிறகு நான், பிறகு அண்ணி. கடைசியில் அந்த அம்மாளே தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தன்னு கூப்ட்டுட்டா. இன்னமே இன்னா பேச்சு கீது? ரசம் ஊத்தும்மா."

அப்பாடா... எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணி ரசத்தை இலைக்கு ஊற்றினாளா, தரைக்கு ஊற்றினாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு நாம் எவ்வளவு பயந்தோம்! அவள் முருங்கை ஜாதி. வந்ததை அப்போதே வெளியே வடித்துவிடுவாள், உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. வசந்தாவை நம்பி அனுப்பலாம். பயப்பட வேண்டியது கிழங்கு ஜாதிக்குத்தான். எங்கள் அண்ணன் மாதிரி.

சாயந்திரம் வாசலில் விடைபெறும்போது அம்மாள் சும்மா போகவில்லை. "சம்பந்தி, இன்னொரு தபா கெழங்கு தோண்டினா கொஞ்ச நாள் வச்சிகினு அப்பால ஆக்குங்க" என்றாள்.

வழக்கமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போகிற அண்ணன், அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"வசந்தாவையும் இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமான்னு இருக்குங்க."

அம்மாள் இரண்டாவது தடவையாகப் பேச்சு வராமல் நின்றாள். பிறகு மெதுவாக, "தை வரிக்கும் வச்சிக்கங்க, நைனா" என்றாள்.

அண்ணன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே தங்கியிருந்தது தானாகவே வெளியே வந்துவிட்டது; அவருக்குப் புளித் தண்ணீர் தேவைப்படவில்லை.