பெங்களூரிலிருந்து ஊதிக்கொண்டு வந்த லாரி

மாமனார் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போவேன். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் மாட்டைக்கூட அதட்டுவார்கள். வீட்டோடு மாப்பிள்ளையான என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. "மாப்ளே, அந்தச் சாணிக்கூடையக் கொஞ்சம் கொட்டிட்டு வந்துருங்க" என்று மாமனார் அவ்வளவு பணிவாகச் சொல்வார். அந்தப் பணிவில் இருந்து தப்பிக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் என் மனைவிக்கும் அப்போது இருந்த ஒரே ஆசை.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. லாரிக்காரர்கள் வண்டியில் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி மூட்டி, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊதி, அதில் வரும் கேஸைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். அப்படிப்பட்ட பழைய லாரி ஒன்றைத் தரகர் மூலம் மாமனார் பெங்களூரில் வாங்கிப்போட்டார். என்னைக் கூப்பிட்டு, "வண்டிய நல்லபடியா ஊடு கொண்டாந்து சேத்துருங்க மாப்ளே. அப்பறம் சேலத்துல செவ்வாய்ப்பேட்டையில ஊடு பாத்துத் தாரேன். நீங்களும் எம் புள்ளையும் தனியாப் போயி இருந்துக்கிட்டு லாரி யாவாரத்தப் பாருங்க" என்றார். என் மனைவி அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு கரண்டி நெய் ஊற்றினாள்.

சேலத்தில் ஒரு டிரைவரைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். லாரியைப் பார்த்ததும் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதன் வயசுக்குக் கொடுத்த மரியாதையாம். நல்ல லாரிகளையெல்லாம் பட்டாளத்துக்குப் பிடித்துப்போன காலத்தில், இதை மட்டும் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தார்கள். ஆள் எடுத்தபோது என்னையும் அப்படித்தான் விட்டார்கள். அதனால் பார்த்தவுடன் எங்களுக்குள் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

கூட வருவதாக இருந்த கிளீனர், வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தான். அப்புறம் அவனைக் காணவில்லை.

"மாமா, நீங்களே ஊதிருங்க. எனக்குக் கரித்தூசு ஒத்துக்காது, சளி புடிச்சுக்கும்" என்று மைத்துனன் முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

கைப்பிடியைச் சுற்றினேன். "மாவாட்டுற மாதிரி சுத்தாதீங்க சாமி. மூச்சு விடாமச் சுத்துங்க" என்றார் டிரைவர். சுற்றச் சுற்ற அதன் சூட்சுமம் கைக்கு வந்துவிட்டது. எஞ்சின் இருமியது, துப்பியது, பிடித்துக்கொண்டது. "உங்களுக்குக் கைராசிங்க!" என்றார் டிரைவர். அதுவரை என்னை யாரும் எதற்காகவும் புகழ்ந்ததில்லை. கரி மூட்டைகளோடு பின்னால் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

ஓசூர் தாண்டி வண்டியை நிறுத்தி, கரி போட அடுப்பு மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து தீ எட்டிப்பார்த்து, என் மீசையில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. இறங்கி வந்து வேடிக்கை பார்த்த மைத்துனன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த நிலக்கடலை என் முகத்தில் வந்து விழுந்தது. "இன்னொரு பக்கத்தையுங் காட்டுங்க மாமா, சரி சமமாயிரும்!"

கிருஷ்ணகிரியில் காப்பி குடிக்க நிறுத்தினோம். உடம்பெல்லாம் கரியாக நின்ற என்னைப் பார்த்ததும் ஓட்டல்காரர் வாசலில் கையை நீட்டி மறித்து, "இது யாரு?" என்று மைத்துனனைக் கேட்டார். "கரி அள்ற ஆளுதானுங்க. வெளியவே குடுங்க" என்றான் அவன். பின்பக்கம் கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். தினமும் அங்கே அப்படித்தான் குடிக்க விடப்பட்ட ஒரு பெரியவர், நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். வழி நெடுக என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. "கட்டையப் போடுங்க சாமி!" என்று டிரைவர் கத்தினார். மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து, கூடவே ஓடி, சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். கட்டையோடு கால் பெருவிரல் நகத்தையும் சேர்த்து வைத்துவிட்டேன். வண்டி பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். மைத்துனன் இறங்கி வந்து பதறிப்போய்க் கேட்டான்: "வண்டிக்கு ஒன்னும் ஆவலையே மாமா?"

ஊருக்குள் நுழைந்தபோது மேளம் வைத்திருந்தார்கள். பெண்கள் லாரிக்கு ஆரத்தி சுற்றினார்கள், டிரைவருக்குச் சுற்றினார்கள், முன் சீட்டிலிருந்து மாலையோடு இறங்கிய மைத்துனனுக்கும் சுற்றினார்கள். பின்னாலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கிய என்னைப் பார்த்து ஒருத்தி, "இந்தக் கரிக்காரனுக்குஞ் சுத்தோணுமா?" என்று கேட்டாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். பற்கள் மட்டும் தெரிந்ததாம், அதற்கு இன்னொரு தடவை சிரித்தார்கள்.

நான் கவலைப்படவில்லை. வண்டி வந்து சேர்ந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டை வீடு என் கண்ணில் நின்றது.

மாமனார் டிரைவரிடம், "வண்டி எப்படீங்க?" என்று கேட்டார். அந்த நல்ல மனுஷன் எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "வண்டி சுத்தமா ஒன்னுக்கும் ஆவாதுங்க. இவரு ஊதுனாரு, வந்துச்சு. இப்படி ஒரு ஆளு நான் பாத்ததில்லீங்க. இவரு கூட இருந்தா இந்த வண்டி இன்னும் எத்தனையோ வருசம் ஓடும்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

மாமனார் என் கரிக்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே சந்தோஷம். "கேட்டீங்களா மாப்ளே! செவ்வாய்ப்பேட்டையில எம் பையன் இருந்து யாவாரத்தப் பாத்துக்கட்டும். நீங்க வண்டியோடயே போங்க. நம்மூட்டு மனுசரு இவ்வளவு கெட்டிக்காரரா இருக்கறப்ப வெளியாளு எதுக்குங்க?"

"அப்ப... உங்க புள்ள?" என்றேன்.

"அது இங்கயே இருக்கட்டுங்க. ரோடு ரோடாப் போறவருக்கு ஊடு எதுக்கு?"

கிணற்றடியில் என் மனைவி சீயக்காய் போட்டு என் முதுகைத் தேய்த்தாள். தோல் உரிகிற மாதிரி தேய்த்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, அத்தன நல்லா எதுக்கு ஊதுனீங்க?"

அதற்குள் வாசலில் மைத்துனன் கூப்பிட்டான். "மாமா, வண்டியக் கோயிலுக்குக் கொண்டு போகோணும். செத்த வந்து ஊதிட்டுப் போங்க."

நொண்டிக்கொண்டு போய் ஊதினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.