ஓடிபி வராத மதியம்

சின்னக்கடை வீதியில் எனக்குப் புடவைக் கடை. ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டியும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரே செலவைச் சுருக்கிவிட்டது.

போனைத் திறந்தால், ஆறாவது படிக்கும் மகளின் காலேஜுக்காகப் போட்டுவரும் மியூச்சுவல் ஃபண்டும் சரிந்து கிடந்தது. எல்லாம் போச்சு என்று பதறி, மொத்தத்தையும் விற்க அழுத்திவிட்டேன். ஓடிபி கணவர் நம்பருக்குத்தான் போகும். அவர் கைலாசபுரம் பக்கம் ஃபேக்டரி ஷிஃப்டில் இருந்தார். அங்கே போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மறுபடி மறுபடி அழுத்தினேன். ஒன்றும் நகரவில்லை.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னேன்.

"ஆடித் தள்ளுபடியிலகூட அசலுக்குக் கீழே ஒரு புடவை தரமாட்டே. பாப்பாவுக்குப் போட்டதை மட்டும் நஷ்டத்துக்குத் தள்ளப் பாத்தியே?" என்றார்.

ஃபண்ட் இன்னும் முழுசாக ஏறவில்லை. ஆனால் கடை காலியாக இருக்கும்போது நான் இப்போது போனைத் தொடுவதில்லை. புடவைகளைப் பிரித்துத் திரும்ப மடிக்கிறேன்.